சிறைவாசிகளின் குடும்பங்களுக்கான கிறிஸ்துமஸ் விழா: உதவப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீங்கள் கேட்டது இது: பெரம்பூர் பக்கம் ஒரு சபையில், சிறையில் இருப்பவர்களின் மனைவி மக்களைக் கூப்பிட்டு டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறார்கள். நண்பர் உங்களையும் உதவிக்கு அழைத்திருக்கிறார். நீங்கள் கிறிஸ்தவர் இல்லை, இந்த மாதிரி வேலை செய்து பழக்கமும் இல்லை. போகலாமா, பயப்பட ஏதாவது இருக்கிறதா, என்ன வாங்கிக்கொண்டு போவது, அந்தப் பிள்ளைகளிடம் என்ன பேசுவது?

தாராளமாகப் போங்கள். மதம் ஒரு தடையே இல்லை. வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்களாக இருக்க மாட்டார்கள். வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள், தர்காவுக்குப் போகிறவர்களும் வருவார்கள். பயத்துக்கும் இடமில்லை. சிறையில் இருப்பவர் யாரும் அந்த மண்டபத்துக்கு வரப்போவதில்லை. வருவது இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஆயாக்கள், கொஞ்சம் தாத்தாக்கள். அவ்வளவுதான்.

நான் வருடக்கணக்காக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான். நீங்கள் கையில் எடுத்துக் கொடுக்கும் பரிசு உங்களுடையது இல்லை, சபையுடையதும் இல்லை. உள்ளே இருக்கும் அப்பாவோ அம்மாவோ தன் பிள்ளைக்குக் கொடுப்பது அது. நீங்கள் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால், அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேரி கே பியர்ட் என்று ஒரு பெண் இருந்தார். கொள்ளை வழக்கில் சிறையில் இருந்தவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் தொண்டு அமைப்புகள் கைதிகளுக்கு சோப்பு, ஷாம்பு, பற்பசை மாதிரி சின்னச் சின்னப் பொருள்கள் கொடுப்பார்கள். உள்ளே இருந்த தாய்மார்கள் அவற்றைத் தாங்கள் பயன்படுத்தாமல் சேர்த்துவைத்து, தங்களைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்ததை அவர் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். வெளியே வந்த பிறகு 1982-இல் ஒரு வேலையைத் தொடங்கினார். கைதிகளின் பிள்ளைகள் பெயரையும் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் தேவதை உருவத்தில் வெட்டிய காகிதத்தில் எழுதி, வணிக வளாகத்தில் வைத்த கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டார். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காகிதத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பொருளை வாங்கிக் கொடுத்தார்கள். பரிசு போய்ச் சேர்ந்தது பெற்றோரின் பெயரில். ஏஞ்சல் ட்ரீ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் ஊரில் சிறைப்பணி செய்யும் சபைகள் கிறிஸ்துமஸுக்கு செய்வதிலும் இந்த முறையின் சாயல் இருக்கிறது.

கத்தோலிக்கர்கள் சிறைப்பணிக்குப் பாதுகாவலராக வைத்திருக்கும் புனித மாக்சிமிலியன் கோல்பேயின் கதையிலும் ஒரு குடும்பஸ்தர் இருக்கிறார். 1941-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர், ஐயோ என் மனைவி, என் பிள்ளைகள் என்று கதறியிருக்கிறார். அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்னே வந்தவர் கோல்பே. சிறைப்பணி என்றாலே உள்ளே இருக்கும் ஒருவரோடு முடிகிற வேலை இல்லை, வெளியே இருக்கும் குடும்பத்தையும் சேர்த்துத்தான் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

சரி, பெற்றோர் பெயரில் பரிசு என்பது நடைமுறையில் எப்படி நடக்கிறது? வெளியிலிருந்து யாரும் நேராகப் புழல் சிறைக்குள் போய்ப் பட்டியல் எழுதிவிட முடியாது. சிறைத்துறை அனுமதியோடு உள்ளே போய்வரும் அமைப்புகள் சிறை அதிகாரிகள், நல அலுவலர் வழியாகச் செய்கிறார்கள். பிள்ளையின் பெயர், வயது, என்ன வகுப்பு, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், முடிந்தால் பிள்ளைக்கு அப்பா சொல்ல நினைக்கும் ஒரு வரி. சிறையிலிருந்து வெளியே போகும் எந்தக் கடிதமும் படித்துப் பார்க்கப்பட்டுத்தான் போகும் என்பதால் அந்த வரிகள் சுருக்கமாகவே இருக்கும். 'நல்லா படி, அம்மா பேச்சைக் கேளு' என்பதுதான் அதிகம். அந்த ஒரு வரியை அழகான கையெழுத்தில் அட்டையில் எழுதி, பரிசின் மேல் கட்டும் வேலையை உங்களுக்குக் கொடுத்தால் பெருமையாக எடுத்துச் செய்யுங்கள். அதில் உங்கள் வார்த்தை ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம், வாக்கியத்தை அலங்கரிக்க வேண்டாம். தன் அப்பா எப்படிப் பேசுவார் என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

மேடையில் கொடுக்கும்போது, 'அண்ணன் உனக்காக வாங்கிட்டு வந்தேன்' என்று சொல்லாதீர்கள். 'இது உங்க அப்பா கொடுக்கச் சொன்னது' என்று காதருகே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நன்றி சொல்லச் சொல்லிப் பிள்ளையைத் தூண்ட வேண்டாம். அழுதால் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். சில பையன்கள் கோபப்படுவார்கள், எனக்கு வேண்டாம் என்று தள்ளுவார்கள். அதையும் பெரிதாக்க வேண்டாம். பொட்டலத்தை அம்மாவின் பையில் வைத்துவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பிரித்துக்கொள்வான்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஆள் செய்த குற்றமே அந்த வீட்டுக்குள் நடந்ததாக இருக்கலாம். மனைவியை அடித்து நொறுக்கிய வழக்காக இருக்கலாம், சொந்தப் பிள்ளைக்கே தீங்கு செய்து போக்சோவில் உள்ளே போனவராக இருக்கலாம். அந்த வீட்டுக்கு அவர் பெயரில் பரிசு போனால் அது இரண்டாவது அடி. அதனால் நல்ல ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே பிள்ளையை வளர்ப்பவரிடம் தனியாகப் பேசி, அவர் சம்மதத்தோடுதான் அப்பாவின் பெயரை எழுதுவார்கள். வேண்டாம் என்றால் அம்மா பெயரிலோ ஆயா பெயரிலோ போகும். பெயர் எழுதாத பொட்டலம் ஒன்று உங்கள் கையில் வந்தால், 'யார் கொடுத்தது?' என்று கேட்கும் பிள்ளையிடம் நீங்களாகக் கற்பித்து எதையும் சொல்ல வேண்டாம். 'அம்மாகிட்ட கேளு கண்ணு' போதும்.

அடுத்து, பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்ற விஷயம். அப்பா துபாயில் வேலை செய்கிறார், கப்பலுக்குப் போயிருக்கிறார், லாரியில் வெளிமாநிலம் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. துறைமுகமும் கண்டெய்னர் லாரிகளும் இருக்கும் பகுதி என்பதால் கப்பல் கதை எளிதில் எடுபடும். அக்காவுக்கு உண்மை தெரிந்திருக்கும், தம்பிக்குத் தெரியாது. உண்மையைச் சொல்வதா வேண்டாமா, எப்போது சொல்வது என்பதெல்லாம் அந்தத் தாயின் முடிவு. பிள்ளையிடம் மறைக்கக் கூடாது என்று உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம், எனக்கும் அதுதான் கருத்து, ஆனால் அதைச் சொல்லும் இடம் அந்த மண்டபம் இல்லை. சிறை, ஜெயில், கேஸ், கைதி ஆகிய சொற்கள் உங்கள் வாயில் அன்று வரவே கூடாது. பேனரில் 'கிறிஸ்துமஸ் விழா' என்று மட்டும் இருக்கட்டும். 'சிறைவாசிகளின் குடும்பங்களுக்கு நல உதவி' என்று வாசலில் பெரிதாக ஃப்ளெக்ஸ் கட்டினால், தெருவே வேடிக்கை பார்க்க அந்தப் பெண்கள் அதைத் தாண்டி உள்ளே வர வேண்டியிருக்கும். நிறையப் பேர் வாசலோடு திரும்பிப் போய்விடுவார்கள்.

இந்தப் பெண்களின் வருடம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால், அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் தெளிவாகும். சென்னை சென்ட்ரல் எதிரே 1837-இலிருந்து இருந்த பழைய மத்திய சிறையை மூடி, 2006-இல் எல்லாரையும் புழலுக்கு மாற்றினார்கள். அங்கே தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனிச் சிறை ஒன்று என மூன்று. ஒரு பெண் 'மனு பார்க்க', அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்கப் போகிறாள் என்றால், அன்றைய வீட்டுவேலைக் கூலியையோ மீன் விற்ற காசையோ விட்டுவிட்டுப் போகிறாள். ஜி.என்.டி. ரோட்டில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று, பெயர் பதிந்து, பை சோதனை, உடல் சோதனை எல்லாம் முடிந்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, பக்கத்தில் பத்துப் பேர் பேசும் சத்தத்தில் சில நிமிடம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். வாய்தா நாளில் கோர்ட் வராண்டாவில் நிற்க வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் நிற்க வேண்டும். காவல் நிலையத்தில் கூப்பிட்டால் அங்கேயும் நிற்க வேண்டும்.

ஆகவே விழா மண்டபத்தில் அவர்களை எங்கேயும் நிற்க வைக்காதீர்கள். டோக்கன் கவுண்டர், சாப்பாட்டு வரிசை, பரிசு வரிசை எதுவும் வேண்டாம். வாசலில் பை பார்க்கும் ஆள் வேண்டாம். வந்தவுடன் 'வாங்கம்மா, உக்காருங்க' என்று நாற்காலி காட்டி, தண்ணீரோ டீயோ கொண்டுபோய்க் கொடுங்கள். பெயர் பதிவதாக இருந்தால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நீங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பாடு பந்தி போட்டுப் பரிமாறுங்கள். பஃபே மேசை வைத்தால் ஏற்பாட்டுக்கு எளிது, ஆள் குறைவாகப் போதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் வருடம் முழுக்கத் தட்டையும் மனுவையும் ஏந்தி நிற்பவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் இலை போட்டு, 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அக்கா?' என்று கேட்பது எந்தப் பரிசுப் பொருளையும்விடப் பெரிது. தன்னார்வலர்கள் அத்தனை பேர் தேவைப்படுவதே இதற்காகத்தான்.

என்ன வழக்கு, எத்தனை வருடம், நிஜமாகவே செய்தாரா என்ற கேள்விகளைக் கேட்கவே வேண்டாம். ஆர்வம் எல்லாருக்கும் இருக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். வடசென்னையில் இன்னொன்றும் அடிக்கடி காதில் விழும்: 'குண்டாஸ் போட்டுட்டாங்க.' 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 14-இன் கீழ் பிறப்பிக்கும் தடுப்புக் காவல் உத்தரவு அது. வழக்கமான ஜாமீன் கிடையாது, ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அந்த உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமம் ஏற்காவிட்டாலோ, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில் உத்தரவு ரத்தானாலோ முன்கூட்டியே வெளியே வரலாம். போன கிறிஸ்துமஸுக்கு வந்த குடும்பம் இந்த வருடம் வரவில்லை என்றால் ஆள் வெளியே வந்துவிட்டார் என்று சந்தோஷப்படலாம். அதே பெண் மறுபடியும் வந்தால், 'இன்னுமா வரல?' என்று மட்டும் கேட்காதீர்கள்.

அம்மா உள்ளே இருக்கும் பிள்ளைகள் வேறு ரகம். இவர்களை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பேன். அப்பா சிறைக்குப் போனால் அம்மா எப்படியாவது வீட்டைப் பிடித்துக்கொள்கிறாள். அம்மா போய்விட்டால் வீடே கலைந்துபோகிறது. ஒருவன் ஆயா வீட்டில், ஒருத்தி சித்தி வீட்டில், இன்னொருத்தி விடுதியில். ஆறு வயது வரை பிள்ளைகள் தாயோடு சிறையில் இருக்கலாம். அவர்களுக்கு உணவு, மருத்துவம், படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் விரிவாக வழிகாட்டியிருக்கிறது. இதன் இன்னொரு பக்கம் என்னவென்றால், கைக்குழந்தை அம்மாவோடு உள்ளே இருக்கும், மூத்தது வெளியே இருக்கும். பாப்பாவுக்கு மட்டும் அம்மா கிடைத்தாளே என்று மூத்தவளுக்கு ஏக்கம். அப்படி ஒரு பிள்ளை உங்களோடு ஒட்டிக்கொண்டால் விழா முடியும்வரை கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'அடுத்த வாரம் அக்கா உங்க வீட்டுக்கு வரேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பெரியவர்களை அவள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டாள்.

சாப்பாட்டில் கவனம் வேண்டியது ஒன்று உண்டு. டிசம்பர் என்பது கார்த்திகையும் மார்கழியும் சேரும் மாதம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருக்கும் வீடுகள் நிறைய இருக்கும், பையனே கன்னிசாமியாக இருப்பான். முஸ்லிம் குடும்பங்களும் வருவார்கள். அதனால் ஹலால் சிக்கன் பிரியாணி, பக்கத்திலேயே தனி அண்டாவில், தனிக் கரண்டியில் சைவச் சாப்பாடு. சைவத்தைக் கணக்குக்கு என்று கொஞ்சமாக வைக்காமல் வயிறு நிறையும்படி வைக்க வேண்டும். கேக்கில் முட்டை இருக்கிறதா, பிளம் கேக்கில் ஒயினோ ரம்மோ ஊற்றியிருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குல்குலும் அச்சு முறுக்கும் கட்டிக் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் நான்கு நாள் வைத்துச் சாப்பிடுவார்கள். மிச்சம் இருக்கும் பிரியாணியைக் கட்டிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். வராத பாட்டிக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று கேட்பார்கள். கணக்குப் பார்க்காமல் கொடுங்கள்.

விளையாட்டு நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்தால் ராஜா, ராணி, போலீஸ், திருடன் சீட்டு வேண்டாம். திருடன் போலீஸ் ஓட்டமும் வேண்டாம். பொம்மைத் துப்பாக்கி, பொம்மை விலங்கு பரிசுப் பையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இளைஞர் குழு நாடகம் போடும்போது கெட்டவன் சிறைக்குப் போய்த் திருந்துகிற கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் எடுக்கிறார்கள், ஆனாலும் மென்மையாகத் தடுத்துவிடுங்கள். தொழுவத்தில் பிறந்த குழந்தை, தங்க இடம் கிடைக்காமல் அலைந்த அம்மா அப்பா, ராத்திரி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள், இதுவே அந்த மண்டபத்துக்குப் போதுமான கதை. தொகுத்து வழங்குபவர் மைக்கில், 'அப்பாவுக்கு ஒரு முத்தம் கொடுங்க பாக்கலாம்' என்று பழக்கத்தில் சொல்லிவிடக் கூடாது என்பதையும் ஒருமுறை நினைவுபடுத்துங்கள்.

சின்னப் பிள்ளைகளை மகிழ்விப்பது சுலபம். பதிமூன்று வயதுக்கு மேற்பட்ட பையன்கள்தான் சவால். அம்மா வற்புறுத்தி வந்திருப்பார்கள், உள்ளே வராமல் கேட் பக்கமே நிற்பார்கள். பலூனும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் அவர்களுக்கு அவமானம். அவர்களுக்கு வேலை கொடுங்கள். 'தம்பி, இந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் பாரு', 'அந்த அண்டாவைத் தூக்க ஒரு கை கொடு' என்றால் வந்துவிடுவார்கள். இரண்டு கேரம் போர்டும் ஒரு கால்பந்தும் வைத்தால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வியாசர்பாடிப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க நாம் போக வேண்டியதில்லை. பந்து விளையாடும்போது அவர்களாகப் பேசினால் கேளுங்கள். 'நீயும் அப்பா மாதிரி ஆயிடாதே' என்ற புத்திமதியை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பள்ளியிலும் தெருவிலும் போலீஸிடமும் அதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருக்கிறான். அந்த வயதில் அப்பாவைத் திட்டினால் அவரை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வான்.

போட்டோ எடுக்காதீர்கள். இதில் எந்த விதிவிலக்கும் இல்லை. உங்கள் ஸ்டேட்டஸில் வரும் ஒரு படம், அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழன் கைக்குப் போக ஒரு நாள்கூட ஆகாது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவே தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சேலை வாங்கும்போது கேமராவைப் பார்க்கச் சொல்லி நிற்க வைப்பது மனுஷத்தனம் இல்லை. நன்கொடையாளருக்குக் காட்டப் படம் வேண்டும் என்றால் அலங்கரித்த குடிலையும் அடுக்கிய பரிசுப் பொட்டலங்களையும் எடுத்து அனுப்பலாம். அரசியல்வாதியைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவதும் சீருடையில் காவல் அதிகாரியை மேடையேற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நடுராத்திரியில் கதவைத் தட்டி அப்பாவைக் கூட்டிப்போனது அதே சீருடைதானே.

ஜெபம், பிரசங்கம் பற்றி உங்களுக்குத் தயக்கம் இருக்கும். கிறிஸ்துமஸ் விழா என்று சொல்லித்தான் அழைத்திருக்கிறார்கள், ஆகவே பாட்டும் ஜெபமும் பிறப்பின் செய்தியும் இருக்கும், இருக்க வேண்டியதும் நியாயம்தான். ஆனால் பரிசை வாங்க ஜெபத்தில் உட்கார வேண்டும், கையைத் தூக்க வேண்டும், விலாசம் எழுதித் தர வேண்டும் என்று ஆகிவிட்டால் அது வியாபாரம். 'காவலிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள்' என்றுதான் இயேசு சொல்கிறார். பார்க்க வந்ததற்கு ஈடாக எதையும் கேட்டதாக அங்கே இல்லை. நீங்கள் கிறிஸ்தவர் இல்லை என்பதால் ஜெபிக்கிற மாதிரி நடிக்க வேண்டாம், சும்மா அமைதியாக நில்லுங்கள். ஏதாவது ஒரு அம்மா தன் கணவருக்காக ஜெபிக்கச் சொன்னால், ஆயரையோ அருட்சகோதரியையோ கூட்டிவந்து விடுங்கள்.

வடசென்னைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒரே வழக்கின் இரண்டு தரப்பும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கலாம். கோஷ்டி மோதலில் இரண்டு பக்கமும் ஆட்கள் உள்ளே இருக்கலாம், அவர்களின் மனைவிமார் இருவருக்கும் அழைப்புப் போயிருக்கலாம். அனுபவம் உள்ளவர்கள் பட்டியலைப் பகுதிவாரியாகப் பார்த்து, இரண்டு நாளாகவோ இரண்டு இடமாகவோ பிரித்துவிடுவார்கள். உங்கள் வேலை எளியது. யார் எந்தப் பகுதி, யாருடைய வீட்டுக்காரர் என்று ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் முகம் மாறினால், நீங்களாக சமாதானம் பேசப் போகாமல் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள்.

பேச்சு பழகியதும் அம்மாக்கள் உதவி கேட்பார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட முடியுமா, வக்கீல் பணம் வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கே வருவதில்லை, வாடகை கொடுக்க முடியவில்லை, பையனுக்குப் பள்ளியில் டி.சி. கொடுத்துவிட்டார்கள். கையில் இருக்கும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள், ஜாமீன்தாரராக நிற்கவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்காகக் கைவிரித்துவிட்டு வரவும் வேண்டாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் உரிமை உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும்கூட வருமான வரம்பு பார்க்காமல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம். விசாரணையிலேயே நீண்ட நாள் கிடப்பவர்களுக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு இருக்கிறது. ஆயுள் தண்டனை, மரண தண்டனைக்குரிய குற்றமாக இல்லாமல், வேறு வழக்குகளும் நிலுவையில் இல்லாமல் இருந்தால், அதிகபட்சத் தண்டனையில் பாதி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே கழித்தவரை ஜாமீனில் விடச் சொல்கிறது. இது தெரியாத குடும்பங்கள் ஏராளம். நீங்கள் சட்டம் விளக்க வேண்டாம், சட்ட உதவி மையத்தில் இதைப் பற்றிக் கேட்கச் சொன்னால் போதும். பிள்ளையின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த எண்களைச் சின்னச் சீட்டில் அச்சடித்து, சாப்பாட்டுப் பையில் போட்டுவிடச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். விழாவுக்கு ஒரு வழக்கறிஞரையும் அழைத்து, ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

நாள், நேரம் பற்றி உங்களைக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பர் மூன்றாவது வாரம் வரை இழுக்கும், ஆகவே கிறிஸ்துமஸ் முடிந்து விடுமுறையில் வைப்பதே பிள்ளைகளுக்கு வசதி. மதியம் தொடங்கி, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். பெண்கள் கட்டணமில்லாமல் போகும் சாதாரணப் பேருந்து நிற்கும் நிறுத்தத்துக்குப் பக்கத்து மண்டபமாக இருந்தால், ஷேர் ஆட்டோவுக்குச் செலவழிக்காமல் வருவார்கள். மைதானத்தில் பந்தல் போடுவது பார்க்க அழகு, ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையை என்ன பாடுபடுத்தியது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கூரை உள்ள இடமே நல்லது.

என்ன வாங்குவது என்று கேட்டீர்கள். நீங்களாகக் கடைக்குப் போய் மொத்தமாக எதையும் வாங்காதீர்கள். உங்களுக்கு ஒரு பிள்ளையின் பெயரும் வயதும் கொடுப்பார்கள், அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் நன்றாக வாங்குங்கள். உடை என்றால் வயதை வைத்துக் கணிக்க வேண்டாம், அளவை அம்மாவிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு ஆறு வயது உடல்வாகு இருக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. செருப்பு, ஷூவுக்கும் அதேதான். பழைய துணி, பழைய பொம்மை வேண்டவே வேண்டாம். பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பொம்மை வாங்கினால் அவள் முகம் வாடும். நல்ல பை, கைக்கடிகாரம், ஜாமெட்ரி பாக்ஸ், அவள் கேட்டிருந்தால் ஷட்டில் பேட். அண்ணன் தம்பி ஒரே வீட்டிலிருந்து வந்தால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே விலையில் இருக்கட்டும். விலைச்சீட்டைக் கிழித்துவிடுங்கள். அப்பா கொடுத்த பொருளுக்கு விலை தெரிய வேண்டியதில்லை.

விழா நாளில் வர நிறையப் பேர் முன்வருவார்கள். ஆள் பற்றாக்குறை அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாலைகளில்தான். பெயர் மாறாமல் பொட்டலம் கட்டுவது, அட்டை எழுதுவது, தொலைபேசியில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு வருகிறீர்களா என்று கேட்பது, அணைந்திருக்கும் எண்களை மறுநாள் மறுபடியும் கூப்பிடுவது. விழா முடிந்த பிறகு, வராத குடும்பங்களின் பொட்டலங்களை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கவும் இரண்டு பேர் வேண்டும். அப்படிப் போனால் சபை பெயர் போட்ட டி-ஷர்ட் போடாமல், தெருமுனையில் யாரிடமும் விசாரிக்காமல், அந்த அம்மாவுக்கே போன் செய்து வழி கேட்டுப் போங்கள். நண்பரிடம் இன்றே சொல்லி, இந்த வேலைகளில் எதற்கு வர முடியும் என்று பெயர் கொடுத்துவிடுங்கள்.